சிறுநீரக மாற்று முடிந்து ஊர் திரும்புகிறோம்: வீட்டில் எதையெல்லாம் சரிசெய்து வைக்க வேண்டும்?

களக்காட்டுத் தம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்குச் சென்னையில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கிறது. சிறுநீரகம் கொடுத்தவர் என் மதினி. முதல் மூன்று மாதங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். இனி ஊருக்குப் போகலாம், இடையிடையே வந்து காட்டினால் போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு களக்காட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறது. வாழைதான் தொழில். வீட்டை ஒட்டியே மாட்டுத் தொழுவமும் வைக்கோல் படப்பும் இருக்கின்றன. புழங்குவதற்குக் கிணற்றுத் தண்ணீர், குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீர். அடுத்த மாதம் குலதெய்வக் கோவிலில் கொடை விழா வருகிறது. மகன் பிழைத்து வந்ததற்காக இந்த முறை அதைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று அப்பா நினைக்கிறார். மருத்துவமனையில் கொடுத்த தாளில் சுத்தமாக இருக்க வேண்டும், கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. தொழுவமும் படப்பும் உறவுக் கூட்டமும் உள்ள வீட்டில் இதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முருகன்குறிச்சிவாசி எழுதியது:

தம்பி, எனக்கு என் அப்பா சிறுநீரகம் கொடுத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன், வேலைக்கும் போய்வருகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் முதலில் சிக்கல் வந்தது அதில்தான்.

டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் நாள் முழுவதற்கும் ஒரு லிட்டருக்குள் தண்ணீர் குடித்துப் பழகியவன் நான். சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போதுகூட வாயை நனைத்துவிட்டுத் துப்பிவிடுவேன். செம்பை என் கண்ணில் படாமல் எடுத்து வைப்பது அம்மாவின் அன்றாட வேலையாக இருந்தது. மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் மூன்று லிட்டர் வரை குடிக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. பாதிக் குவளையிலேயே மூச்சு முட்டும் என்ற பழைய பயம் வந்துவிடும். அம்மாவுக்கும் ஊற்றிக் கொடுக்கக் கை வரவில்லை. உங்கள் அண்ணனுக்கும் இப்படி நேரலாம். அவருக்கு எவ்வளவு என்று மருத்துவர் சொன்ன அளவைக் காலையிலேயே பாட்டில்களில் நிரப்பி அவர் அருகில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, அது ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்) ஏறி நிற்கும். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கேனில் வருகிறது என்பதற்காக எந்தத் தண்ணீரையும் நம்பிவிட வேண்டாம்.

தொழுவத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாட்டை விற்க வேண்டியதில்லை. ஆனால் சாணம் அள்ளுவது, குப்பைக் குழியைக் கிளறுவது, படப்பிலிருந்து வைக்கோல் உருவுவது ஆகிய மூன்றும் அண்ணனுக்கு வேண்டாம். ஈரம் பட்ட வைக்கோலிலும் மக்கிய குப்பையிலும் பூஞ்சை வித்துகள் இருக்கும். நமக்கு ஒரு தும்மலோடு போய்விடும் அது, எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருப்பவருக்கு நுரையீரலில் குடியேறிவிடக்கூடும். படப்பைக் கொஞ்சம் தள்ளி மாற்றிப் போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அண்ணன் படுக்கும் அறையின் அந்தப் பக்கத்துச் சன்னலையாவது மூடி வையுங்கள். கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுக்க வேண்டாம். காய்ச்சிய பாலில் வீட்டில் உறைகுத்திய தயிரை நான் தயக்கமின்றிச் சாப்பிடுகிறேன்.

உங்கள் வீட்டில் வாழைப்பழத்துக்குக் குறைவிருக்காது. டயாலிசிஸ் காலத்தில் பொட்டாசியத்துக்குப் பயந்து அதைத் தொடாமல் இருந்திருப்பார், இப்போது ஆசையாக இருக்கும். ஆனால் உடல் புதிய சிறுநீரகத்தை எதிர்க்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையே சிலருக்குப் பொட்டாசியத்தை ஏற்றும். பரிசோதனை முடிவைக் காட்டி, எத்தனை பழம், எவ்வளவு இளநீர் என்று கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும்.

பார்க்க வருகிறவர்களை நாங்கள் வீட்டின் முன்பக்கத் தார்சாவோடு நிறுத்திக்கொண்டோம். காய்ச்சலோ இருமலோ உள்ளவர்கள் போனில் விசாரித்தால் போதும் என்று அப்பாவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பெரியவர் வாயால் வந்ததால் யாரும் மனத்தாங்கல் கொள்ளவில்லை. அல்வாப் பொட்டலத்தோடு வருகிறவர்களையும் தடுக்க வேண்டியிருந்தது. ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சேர்ந்து, முன்பு சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் அதைக் கொண்டுவரக்கூடும். எனக்கு வந்தது.

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

மாற்று அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். மேலே எழுதியிருப்பவை சரியானவை. ஆனால் ஊர் திரும்பிய நோயாளிகளைத் திரும்பவும் எங்கள் பிரிவுக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் தொழுவமோ தண்ணீரோ அல்ல. மாத்திரை நேரம் தவறுவதும், பக்கத்து மருந்துக்கடையும்தான்.

டாக்ரோலிமஸைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டும். அது இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கான மாதிரியைக் காலை மாத்திரைக்கு முன்னால் கொடுக்க வேண்டும். ஆய்வகத்துக்குப் போகிற அன்று மாத்திரையைக் கையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகு விழுங்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே விழுங்கிவிட்டுப் போய்க் கொடுத்த இரத்தத்தில் அளவு கூடுதலாகத் தெரியும், அதை நம்பி மருந்தைக் குறைத்தால் உடல் புதிய சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கிவிடும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுத்து இதுவும் அதே மருந்துதான் என்றால், மருத்துவரிடம் சொல்லாமல் மாற்றிக்கொள்ள வேண்டாம். மாற்றினால் அளவை மறுபடியும் சோதிக்க வேண்டியிருக்கும்.

உடம்பு வலிக்கிறது என்றால் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வருவது நம் பக்கத்து வழக்கம். அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபினாக்காக இருக்கும். அதுவும் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. தொண்டை வலிக்குக் கொடுக்கப்படும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்கு விழுங்கக் கொடுக்கும் சில பூஞ்சை மாத்திரைகள் ஆகியவை டாக்ரோலிமஸின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். இவற்றில் எதையும் உள்ளூர் மருத்துவர் தவறாகக் கொடுக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எதிரில் அமர்ந்திருப்பவர் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மருந்துப் பட்டியலின் நகல் ஒன்று அண்ணனின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும்போது வலி இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் எதுவும் தெரியாது. நோயாளி நன்றாகச் சாப்பிடுவார், நடப்பார், கிரியாட்டினின் மட்டும் 1.2-லிருந்து 1.6 ஆகியிருக்கும். சிறிய ஏற்றம்தானே, அடுத்த மாதம் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே போனில் சொல்ல வேண்டும். காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டாலும் அப்படியே. டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள்.

குற்றாலச் சாரல் எழுதியது:

மருத்துவமனை மருந்துகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிற மண்ணில் இருந்துகொண்டு, தேறி வருகிற ஒருவருக்கு நம் மருத்துவத்தில் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. இவ்வளவு பெரிய சிகிச்சைக்குப் பின் உடல் தளர்ந்திருக்கும். சீந்தில், தூதுவளை, நிலவேம்பு போன்றவை நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்களே அறிவார்கள். சிறிய அளவில் தொடங்கிப் பார்ப்பதில் என்ன தடை?

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

ஐயா, எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று நீங்கள் சொல்கிற அந்தக் காரணத்தினாலேயே இவருக்கு அவை வேண்டாம் என்கிறேன். புதிய சிறுநீரகத்தை அவருடைய உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. அந்த எதிர்ப்பை அடக்கி வைப்பதற்காகவே அவர் நாள்தோறும் டாக்ரோலிமஸும் மைக்கோபினோலேட்டும் பிரட்னிசோலோனும் எடுக்கிறார். ஒரு கையால் அடக்கிக்கொண்டு மறு கையால் தூண்டிவிட முடியாது. சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதத்தில் யார் சரி என்பது இருக்கட்டும், மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவர் அதைத் தம் உடலில் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

பழங்களிலும் கவனம் தேவை. பம்பளிமாஸ் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றும். பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கொழுப்பு குறையும் என்று குடித்தவர்களுக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் எல்லையோர ஊர்களில் பல வீட்டுக் கொல்லைகளில் அந்த மரம் நிற்கிறது.

குற்றாலச் சாரல் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி அம்மா. இவருடைய நிலையில் உள்ளே கொடுக்கும் மருந்துகள் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் சித்த மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசிக்கொள்ள வழியில்லாமல் இருப்பது குறைதான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. வழி இல்லாததால்தான் நோயாளிகள் இருவரிடமும் மறைத்துச் சாப்பிடுகிறார்கள்.

மேலப்பாளையத்துத் தாய் எழுதியது:

தம்பி, இந்த இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். அண்ணனுக்குத் தண்ணீர், அண்ணனுக்கு மாத்திரை, அண்ணனுக்குப் பழம் என்று எல்லாம் வந்துவிட்டன. மதினியைப் பற்றி உங்கள் முதல் பதிவில் ஒரு வரி இருந்தது, அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நான் என் மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவள். அதனால் எழுதுகிறேன்.

ஒரே நாளில் இரண்டு பேருக்கு அறுவை நடந்தது. என் மகன் பல மாதங்களாகச் சோர்ந்து கிடந்தவன், புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் முகம் தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். நானோ நல்ல உடம்போடு உள்ளே போய்த் தையலோடு வெளியே வந்தவள். கொடுத்தவரின் தேறுதல் வாங்கியவருடையதைப் போல் இருக்காது. அவர் நோயிலிருந்து ஏறி வருகிறார், நாம் நலத்திலிருந்து ஒரு படி இறங்கி நிற்கிறோம். அன்றைக்கு வார்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவன் கட்டிலைச் சுற்றியே நின்றார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நானே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது அப்படியே தொடர்ந்தது. அவனுக்கென்று தனியாகச் சமைப்பது, பாத்திரத்தைக் கொதிநீரில் அலசுவது, குடத்தைத் தூக்குவது எல்லாம் என் கைக்கு வந்தன. கொஞ்ச நாளிலேயே பீடித் தட்டையும் மடியில் வைத்துவிட்டேன், ஏனென்றால் அந்த வருமானம் நின்று போயிருந்தது. குனிந்தே உட்கார்ந்து சுற்றியதில் தையல் போட்ட பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பிறகு என் நாத்தனார் வந்து கூட இருந்த பிறகே என்னால் ஒழுங்காகப் படுத்து எழ முடிந்தது. வீட்டில் இருந்த புகையிலைத் தூளையும் அவர்தான் முதல் வேலையாக வெளியேற்றினார், இல்லாவிட்டால் அது மகனின் மூச்சுக்கும் கேடாகியிருக்கும்.

மதினி ஆறு வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கெடு கடந்துவிட்டது என்பதற்காக முழு வீட்டு வேலையையும் ஒரேயடியாக அவர் தலையில் ஏற்றிவிடாதீர்கள். சோர்வு மாதக்கணக்கில் இருக்கும். அவர் அதைச் சொல்லமாட்டார். சொன்னால் கொடுத்ததற்கு வருந்துகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். எனக்கு இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நம் நாட்டில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாயும் மனைவியும் கொடுப்பது இயல்பு என்று ஆகிவிட்டதால், கொடுத்த பிறகு அவர்களைக் கவனிப்பது யாருடைய பொறுப்பு என்று வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை.

களக்காட்டுத் தம்பி எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அண்ணன் எதுவும் பேசவில்லை. பிறகு மதினியிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். சமையலுக்கும் தொழுவத்துக்கும் என் சித்தி வந்து சில மாதங்கள் தங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கொடையைப் பற்றி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அண்ணன் வந்து நின்று கும்பிட்டாலே போதும் என்கிறார் அப்பா.

அம்பைக் கழனியார் எழுதியது:

தம்பி, என் மருமகனுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறார்கள். அவரும் நானும் ஒரே வயலில் உழைக்கிறவர்கள்.

கொடைக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள். முதல் ஆறு மாதங்களில்தான் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தின் அளவு கூடுதலாக இருக்கும், தொற்றும் அப்போதுதான் எளிதில் பிடிக்கும். கொடை என்றால் ஒரு நாள் கூட்டம் அல்ல. விடிய விடிய வில்லுப்பாட்டு, நெருக்கடி, புகை, திறந்த வெளிச் சமையல், தூக்கமின்மை, மாத்திரை நேரத்தில் ஆள் எங்கே என்று தெரியாத நிலை என எல்லாம் சேர்ந்து வரும். சாமியின் பேரில் அப்பாவுக்கு உள்ள நம்பிக்கையை மறுத்துப் பேச வேண்டாம். கொடை முடிந்து சில நாள் கழித்து, கோவிலில் ஆள் இல்லாத காலை நேரத்தில் குடும்பமாகப் போய்க் கும்பிட்டு வரலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், பூசாரி நடையைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் முழுகுவதும் குற்றாலத்து அருவியும் இப்போதைக்கு ஆகாது.

வயல் வேலைக்கு அவசரப்பட வேண்டாம். புதிய சிறுநீரகம் அடிவயிற்றில் ஒரு பக்கமாக, தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. வாழைத்தார் தூக்குவதும், கலப்பைப் பிடியோ மாட்டின் கொம்போ அங்கே இடிப்பதும் ஆபத்து. கார் சாகுபடி நேரத்தில் வரப்பு ஓரத் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும்; காலில் சிறு கீறல் இருந்தாலே எலிக் காய்ச்சலுக்கு அது போதும். என் மருமகன் இப்போது வெறுங்காலோடு வயலில் இறங்குவதில்லை. தண்ணீர் பாய்ச்சும் முறை, ஆள் கூலிக் கணக்கு, சந்தைக்குத் தார் அனுப்புவது ஆகியவற்றை அவர் பார்த்துக்கொள்கிறார், சேற்று வேலையை நான் பார்க்கிறேன். உழைத்துப் பழகிய மனிதரைச் சும்மா உட்கார வைத்தால் மனம் நொந்துபோகும். தொடக்கத்திலேயே அவர் பொறுப்பில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

ஸ்ரீவைகுண்டத்தார் எழுதியது:

இங்கே யாரும் சொல்லாத ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எல்லோரும் அறிவோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி கரை மீறியது, எங்கள் ஊருக்குச் சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. என் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம். அந்த வாரம் முழுவதும் எங்களுக்குச் சோற்றைப் பற்றிய கவலையைவிட மாத்திரை அட்டையைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது. டாக்ரோலிமஸை எல்லா மருந்துக்கடைகளிலும் இருப்பு வைப்பதில்லை. சாதாரண நாளிலேயே திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். ஈரம் புகாத டப்பாவில் போட்டு உயரமான இடத்தில் வைத்து, பழைய அட்டையை முதலில் எடுத்துப் பயன்படுத்துங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவைச் சிகிச்சை அடங்கும் என்பது பலருக்குத் தெரியும். அதன் பிறகான மாத்திரைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணத் தட்டுப்பாட்டினால் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டவர்களை நான் அறிவேன்.

களக்காட்டுத் தம்பி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கொடை முடிந்த பிறகு தனியாகப் போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று அப்பா சம்மதித்துவிட்டார். தோட்டத்துக் கணக்கை அண்ணனிடம் ஒப்படைக்கப் போகிறோம்.

செவிலியர் அம்மாவிடம் ஒரு கேள்வி. மதினிக்கு இங்கே ஓர் ஆய்வகத்தில் பரிசோதித்ததில் கிரியாட்டினின் 1.1 வந்திருக்கிறது. அறுவைக்கு முன் 0.8 இருந்ததாம். அவர் யாரிடமும் சொல்லாமல் அந்தத் தாளைப் பெட்டியில் வைத்திருந்தார். பயப்பட வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

இரண்டு சிறுநீரகங்கள் செய்த வேலையை ஒன்று செய்யும்போது கிரியாட்டினின் முன்பைவிடச் சற்று ஏறி ஓர் அளவில் நிற்பது எதிர்பார்த்ததே. மீதமுள்ள சிறுநீரகம் தன் திறனைக் கூட்டிக்கொள்ளும். ஆனாலும் பழைய மொத்தத் திறனுக்கு அது வராது, கொடுத்தவர் நலமாக வாழ அது வரவேண்டிய தேவையும் இல்லை. இந்த 1.1 என்ற எண் இனி மதினியின் இயல்பான அளவாக இருக்கக்கூடும். அறுவை செய்த மருத்துவமனைக்கு முடிவை அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது கிரியாட்டினின் மட்டும் அல்ல. இரத்த அழுத்தத்தையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் அதனுடன் சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வாழ்நாள் முழுவதும் பார்த்து வர வேண்டும். வலி மாத்திரைகளை அவரும் தவிர்க்க வேண்டும். இனி குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மகப்பேறு மருத்துவரிடம் சிறுநீரகம் கொடுத்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அண்ணனும் அதுபற்றி முன்னதாகவே மருத்துவரைக் கேட்க வேண்டும். மைக்கோபினோலேட்டைப் பற்றி அப்போது பேச வேண்டியிருக்கும். அந்தத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து, மதினி பெயரில் தனிக் கோப்பு ஒன்றைத் தொடங்கி அதில் முதல் தாளாக வையுங்கள். அண்ணன் அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது மதினிக்கும் அதே நாளில் நேரம் வாங்கிவிடுங்கள்.